கைப்பட்டையும் இதயக் குழாயும்

கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 160ஐயோ கீழ் அளவு 110ஐயோ தொட்டுவிட்டால் அது கடுமையான அழுத்தம். அந்தக் கட்டத்தில் அவளுக்கு வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். 2003 முதல் 2009 வரை உலகம் முழுவதும் நிகழ்ந்த தாய்மரணங்களை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலசியபோது, சுமார் 14 சதவீதம் இந்த வகை அழுத்த நோய்களால் வந்தவை என்று கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்ணின் இதயமும் ரத்த ஓட்டமும் எப்படி இருக்கின்றன என்று அறிய, மருத்துவம் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று வருகிறது. அந்த வரலாற்றைக் கருவிகளின் ஏறுமுகமாகச் சொல்வதே வழக்கம். முதலில் நாடியில் வைத்த விரல், பிறகு புஜத்தில் சுற்றிய பட்டை, பிறகு இதயத்துக்குள்ளேயே நுழைந்த குழாய், கடைசியில் அல்ட்ராசவுண்ட். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழமாகப் பார்த்தது, ஆகவே கூடுதல் தாய்மார்கள் பிழைத்தார்கள் என்று அந்தக் கதை போகும். ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. அதிக உயிர்களைக் காத்தவை மிக எளிய கருவிகள்தாம். மிக ஆழமாகப் பார்த்த கருவியும் பெரிய உதவி செய்தது, ஆனால் நோயாளியின் படுக்கையருகில் தினமும் பயன்பட்டு அல்ல. மருத்துவர்கள் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து.

கதை சிறுநீரில் தொடங்குகிறது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோயையும் சிறுநீரில் இறங்கும் புரதத்தையும் ஏற்கெனவே இணைத்திருந்தார். அதே மருத்துவமனையின் பிரசவ மருத்துவர் ஜான் லீவர், பிரசவ வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரையும் சூடாக்கிப் பார்த்து 1843ல் முடிவுகளை வெளியிட்டார். பின்னாளில் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் பழக்கத்துக்கு வந்த இந்தச் சோதனை எளிமையானது. கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை எடுத்து, அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். புரதம் இருந்தால் மேல்பகுதி வெண்மையாகக் கலங்கித் திரளும்; கீழே பழையபடி தெளிந்தே நிற்கும். ஓரிரு துளி அசெட்டிக் அமிலம் விட்டும் கலங்கல் கரையாவிட்டால் சந்தேகமே இல்லை. நம் ஊரில் இன்றும் ‘யூரினில் உப்பு இறங்குது’ என்று கர்ப்பிணிகளிடம் சொல்லப்படுவது இதைத்தான். வலிப்பு கண்டவர்களில் பெரும்பாலோரிடம் லீவர் இந்தத் திரளைக் கண்டார். சாதாரணமாகப் பிரசவித்த மற்றவர்களிடம் காணவில்லை. வலிப்புக்கு முந்தைய அடையாளம் ஒன்று உடலில் உண்டு என்பது அன்றுதான் தெளிவானது.

ஆனால் புரதம் இறங்குவதற்கும் முன்னால் ரத்த ஓட்டத்தில் ஏதோ நடக்கிறது என்று கண்டவர் அதே கைஸ் மருத்துவமனையின் இன்னொருவர், ஃபிரெடெரிக் அக்பர் மஹமத். இவருடைய பாட்டனார், பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, பிரைட்டன் நகரில் குளியல் இல்லம் நடத்திய சேக் தீன் மஹமத். பேரன் மணிக்கட்டில் கட்டும் நாடிப்பதிவுக் கருவியைச் சீர்படுத்தினார். புகையேற்றிய காகிதத்தில் நாடியின் அலையை அது வெள்ளைக் கோடாகக் கீறிக் காட்டும். அந்தக் கோட்டின் வடிவத்தை வைத்தே, சிறுநீரில் புரதம் இறங்குவதற்கு முன்னரே நாடியில் இறுக்கம் கூடிவிடுகிறது என்று 1870களில் எழுதினார். கர்ப்பிணிகளிடமும் அந்த இறுக்கத்தைக் குறிப்பிட்டார். டைபாய்டு கண்டு 1884ல் இறந்தபோது அவருக்கு வயது 35தான். அவர் கருவியால் அழுத்தத்தை எண்ணாகச் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ள கண் வேண்டியிருந்தது. அதனால்தான் அவருடைய கண்டுபிடிப்பு பிரசவ வார்டுக்குள் போகவில்லை என்று நினைக்கிறேன். கவனிப்பு ஒருவரின் திறமையில் மட்டும் தங்கியிருந்தால் அது அவரோடு போய்விடும் என்பதற்கு அவர் வாழ்க்கை வருத்தமான சாட்சி.

எண் 1896ல் வந்தது. இத்தாலியின் டூரின் நகரில் ஷிபியோனே ரிவா ரோச்சி, சைக்கிள் டியூப் ரப்பரைப் புஜத்தில் சுற்றி, காற்றடித்து, பாதரசத்தின் உயரத்தால் அழுத்தத்தை அளந்தார். அடுத்த ஆண்டே பாரிஸில் வக்கேஸ், நொபேகூர் என்ற இருவர், சூல்வலிப்பு கண்ட பெண்களுக்கு ரத்த அழுத்தம் மிக உயர்ந்திருப்பதாக அறிவித்தார்கள். 1905ல் ரஷ்ய ராணுவ மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் அளவோடு கீழ் அளவும் கிடைக்கும் என்று காட்டினார். இந்தக் கீழ் அளவைக் கர்ப்பிணிகளிடம் எந்த ஒலியில் குறிப்பது என்ற வழக்கு மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. ஒலி மங்கும் இடமா, அடியோடு நிற்கும் இடமா என்பது கேள்வி. இரண்டையும் வைத்துக் கர்ப்பிணிகளைப் பிரித்துக் கவனித்த ஆஸ்திரேலிய ஆய்வு 1998ல் வந்து, ஒலி நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்வதற்கு வழி செய்தது. சிறு விஷயமாகத் தோன்றலாம். ஒரே பெண்ணை ஒரு நர்ஸ் நோயாளி என்றும் இன்னொரு நர்ஸ் நலமானவள் என்றும் எழுதக்கூடிய நிலை அதுவரை இருந்தது என்பதை நினைத்தால் அது சிறு விஷயமல்ல.

இந்தப் பட்டை தானாக யாரையும் காப்பாற்றவில்லை. அதைச் சுற்றி ஒரு ஒழுங்கு உருவானதுதான் பெரிய திருப்பம். எடின்பரோவில் ஜான் பாலண்டைன் 1901ல், இன்னும் பிரசவ வலி எடுக்காத கர்ப்பிணிகளுக்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் ஒதுக்க வைத்தார். நோய் வந்த பிறகு பார்ப்பது என்ற பழைய வழக்கத்திலிருந்து, நோய் வருகிறதா என்று காத்திருந்து பார்ப்பதற்கு மருத்துவம் நகர்ந்த இடம் அது. 1929ல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அட்டவணை வகுத்தது: 16, 24, 28ஆம் வாரங்களில், பிறகு 36ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் வாராவாரம். கடைசி மாதங்களில் நெருக்கம் கூடுவதற்கு முக்கியக் காரணம் அழுத்த நோய் அப்போதுதான் தலைகாட்டும் என்பது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு நாள் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்து எடை, பிரஷர், யூரின் பார்த்துக்கொள்வது இந்த மரபின் வழிவந்ததே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் 1954 வரையான மூன்று ஆண்டுகளில் இந்த நோயால் இறந்த பெண்கள் இருநூறுக்கும் மேல். அறுபது ஆண்டுகளில், பிரிட்டன் முழுவதையும் சேர்த்தே, மூன்றாண்டு எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம். அதே காலத்தில் பாதுகாப்பான சிசேரியன் வந்தது, ரத்த வங்கி வந்தது, மயக்க மருந்து முன்னேறியது, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்தன. பட்டைக்கு மட்டும் எப்படிப் புகழ் சேரும்? சேராதுதான். ஆனால் இந்த நோய்க்கு முழுத் தீர்வு நஞ்சுக்கொடி வெளியேறுவது ஒன்றே. குழந்தையை எப்போது எடுப்பது என்பதுதான் எல்லாச் சிகிச்சையின் மையம். அந்த நேரத்தைத் தீர்மானிக்க மருத்துவரிடம் இருந்தவை பட்டை சொன்ன எண்ணும் குழாயில் திரண்ட வெண்மையும்தான். சிசேரியனுக்கான அரங்கு எவ்வளவு நவீனமாக இருந்தாலும், தலைவலியில்லாத, வீக்கம் மட்டும் உள்ள பெண்ணை அதற்குள் அழைத்துப் போகச் சொல்வது அளவீடுதான்.

வலிப்பு வந்துவிட்ட பெண்ணை என்ன செய்வது என்பதில் சென்னைக்கு இந்த வரலாற்றில் உண்மையான இடம் இருக்கிறது. 1844ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய எம்.கே. கிருஷ்ண மேனன், சூல்வலிப்புக்கு குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் மூன்றும் கலந்த ஊசி முறையை உருவாக்கி, 1961ல் பிரிட்டிஷ் இதழில் எழுதினார். ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரின் பிரசவ மருத்துவப் பாடநூலில் பின்னாளில் முதலியாரோடு சேர்ந்து பெயர் பதித்தவர் இவரே. அதற்கு முன் உலகெங்கும் ஓங்கியிருந்தது ரஷ்யர் ஸ்ட்ரோகனோஃப் வகுத்த முறை: இருட்டறை, நிசப்தம், மார்ஃபின், குளோரல். மேனனின் கலவை இந்திய ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. ஆனால் அது பெண்ணை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தும், அழுத்தத்தை எதிர்பாராமல் சரிக்கும், மூச்சை மந்தமாக்கும். மயங்கிக் கிடப்பவளிடம் தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்க முடியாது. அதாவது மருந்தே கண்காணிப்பைக் கெடுத்தது. மேனனின் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. மகத்தான எண்ணிக்கையில் நோயாளிகள் வந்து குவிந்த இடத்தில், இருந்த மருந்துகளால் அவர் ஒழுங்கான முறை ஒன்றைக் கட்டினார். ஆனாலும் மக்னீசியம் சல்ஃபேட்டோடு அதை ஒப்பிட்ட ஆய்வுகளில், மக்னீசியம் பெற்ற பெண்களிடையே இறப்பு மிகக் குறைவாக இருந்தது.

மக்னீசியத்தின் கதையும் கண்காணிப்பின் கதைதான். 1920களிலிருந்தே அமெரிக்காவில் பழக்கத்தில் இருந்த மலிவான உப்பு அது. டல்லஸின் பார்க்லண்ட் மருத்துவமனையில் ஜாக் பிரிட்சர்ட் அதன் முறையை வகுத்து, 245 சூல்வலிப்பு நோயாளிகளில் ஒரேயொரு தாய்மரணம் என்று 1984ல் அறிவித்தார். 1995ல் வந்த பன்னாட்டு ஆய்வு, இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களைச் சேர்த்து, டையசிபாமைவிடவும் ஃபெனிட்டாயினைவிடவும் இதுவே மேல் என்று நிறுவியது. 2002ல் வெளிவந்த மேக்பை ஆய்வில் 33 நாடுகளின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். வலிப்பு வரும் அபாயம் பாதிக்கு மேல் குறைந்தது. இந்த மருந்து மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். ஆனால் மூச்சு நிற்பதற்கு முன் முழங்கால் அனிச்சை மறையும். ஆகவே ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் செவிலியர் மூன்றைப் பார்க்கிறார்: முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு மூச்சு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லியாவது இறங்கியிருக்கிறதா. பக்கத்துத் தட்டில் மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட். ரத்தத்தில் மக்னீசிய அளவை ஆய்வகத்தில் பார்க்க வசதியில்லாத தாலுகா ஆஸ்பத்திரியிலும் இந்த மருந்தை நம்பிக் கொடுக்க முடிவது அந்தச் சுத்தியால்தான்.

இனி அந்த ஆழமான கருவிக்கு வருவோம். 1929ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கை நரம்பு வழியே குழாயைச் செலுத்தித் தன் இதயத்தை எட்டினார். நியூயார்க்கில் கூர்னாந்தும் ரிச்சர்ட்ஸும் அதைச் சோதனை முறையாக வளர்த்தார்கள். மூவருக்கும் 1956ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் குழாயின் நுனியில் சிறு பலூன் வைத்தார்கள். கழுத்து நரம்பில் நுழைத்து, ஒன்றரை மில்லி காற்றால் பலூனை ஊதிவிட்டால், ரத்த ஓட்டமே அதை இழுத்துச் செல்லும். எக்ஸ்ரே தேவையில்லை, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தே குழாய் எங்கே போகிறது என்று சொல்லலாம். வலது மேலறையில் தாழ்ந்த சிற்றலை. கீழறைக்குள் நுழைந்ததும் கோடு 25 வரை குதித்துப் பூஜ்யம்வரை விழும். நுரையீரல் தமனிக்குள் போனதும் விழுவது பாதியில் நிற்கும். பலூன் சிறு கிளையில் செருகியதும் எல்லாம் அடங்கி மறுபடி சிற்றலை. அந்தக் கடைசி எண், இதயத்தின் இடப்பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் தேங்கியிருக்கிறது என்பதை மறைமுகமாகச் சொல்கிறது. கூடவே இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதும் தெரியும். படுக்கையருகிலேயே இவ்வளவு தெரிந்துகொள்ள அதற்கு முன் வழியே இல்லை. மகப்பேறு மருத்துவர்கள் இதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஏன் அவர்களுக்கு அது அவ்வளவு தேவைப்பட்டது? பட்டை காட்டும் அழுத்தம் இரண்டு விஷயங்களின் விளைவு. தோட்டத்துக் குழாயில் நீர் பீறிடுவது, மோட்டார் வேகமாகத் தள்ளுவதாலும் இருக்கலாம், யாரோ குழாயின் வாயை அமுக்கிப் பிடித்திருப்பதாலும் இருக்கலாம். இதயம் மிகுதியாகத் தள்ளுகிறதா, ரத்தக்குழாய்கள் இறுகிவிட்டனவா என்று பட்டை சொல்லாது. மருந்தைத் தேர்ந்தெடுக்க அது தெரிந்தாக வேண்டும் என்று கருதினார்கள். இதைவிட அவசரமான கேள்வி சலைன் பற்றியது. இந்தப் பெண்களுக்குச் சிறுநீர் குறைகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியிருக்கிறது. ஆகவே திரவம் ஏற்ற வேண்டும் என்று ஒரு சாரார். ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிகின்றன, ஏற்றியதெல்லாம் நுரையீரலில் போய்த் தேங்கும் என்று மறு சாரார்.

இதயக் குழாய் தந்த பதில்கள் முதலில் ஒன்றோடொன்று மோதின. அமெரிக்காவில் 1980களில் வந்த பல ஆய்வுகள் இதயம் மிகுதியாகத் தள்ளுவதைக் கண்டன. ராட்டர்டாமில் வாலன்பர்க் குழுவினர், தள்ளும் அளவு குறைவு, ரத்தக்குழாய்களின் இறுக்கம் அதிகம் என்றார்கள். 1991ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. எந்த மருந்தும் பெறாத 87 பெண்களை மட்டும் தனியே பார்த்தபோது, குறைந்த வெளியீடும் மிகுந்த இறுக்கமும் பெரும்பாலும் ஒரே சீராகத் தெரிந்தன. ஏற்கெனவே சலைனும் மருந்துகளும் பெற்று வந்தவர்களிடம் எண்கள் எல்லாத் திசையிலும் சிதறின. அதாவது அதுவரை அளந்ததில் ஒரு பகுதி, நோயை விட்டுவிட்டு மருத்துவர்கள் செய்த சிகிச்சையை அளந்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு நலமான கர்ப்பிணிகளின் அளவு வேண்டுமே? அதற்காக ஸ்டீவன் கிளார்க் குழுவினர் ஆரோக்கியமான பத்துப் பெண்களிடம் கர்ப்பத்தின் இறுதியிலும் பிரசவத்துக்கு மூன்று மாதம் கழித்தும் குழாய் செலுத்தி அளந்து, 1989ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் இதயம் தள்ளும் அளவு 43 சதவீதம் கூடுகிறது, உடற்குழாய்களின் எதிர்ப்பு 21 சதவீதம் குறைகிறது என்று நாம் இன்று பாடநூலில் படிப்பது அந்தப் பத்துப் பேர் சம்மதித்ததால்.

இந்த உழைப்பிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடம் தெளிவானது. பல ஆஸ்பத்திரிகளில் குழாய்க்கு எளிய மாற்றாகக் கழுத்து நரம்பின் அழுத்தத்தை மட்டும் அளந்து, அது குறைவாக இருந்தால் சலைனைக் கூட்டினார்கள். கடுமையான அழுத்த நோயில் அந்த எண்ணுக்கும் இதயத்தின் இடப்பக்க அழுத்தத்துக்கும் நம்பத்தக்க உறவில்லை என்று பலூன் குழாய் காட்டியது. வலப்பக்கம் காலியாகத் தெரியும்போதே இடப்பக்கம் நிரம்பி வழியும் நிலையில் இருக்கலாம். அந்த எண்ணை நம்பிச் சலைன் ஏற்றினால் நுரையீரல் மூழ்கும். மெம்ஃபிஸில் சிபாய் குழுவினர் 1987ல் வெளியிட்ட தொகுப்பில், கடுமையான நோய் கண்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. உடலில் தேங்கியிருந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் நாட்கள் அவை. அதன் மேல் சலைனும் சேர்ந்தால் இதயம் தாங்காது. பிரிட்டனின் தாய்மரண விசாரணை அறிக்கைகள் இதே காரணத்தை மீண்டும் மீண்டும் சுட்டின. கடைசியில் திரவம் மணிக்கு 80 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதியானது. திரவம் ஏற்றுவதால் பயனில்லை என்பதை ஆம்ஸ்டர்டாமில் 216 பெண்களிடம் நடந்து 2005ல் வெளியான சோதனையும் உறுதி செய்தது. சிறுநீர் கொஞ்சம் குறைந்தால் பொறுத்திருங்கள், சலைன் பாட்டிலைத் தொடாதீர்கள் என்ற விதியைக் கடைப்பிடிக்க எந்தக் குழாயும் வேண்டாம். அளவுக்கோடு போட்ட சிறுநீர்ப் பையும் மணிக்கணக்குத் தாளும் போதும்.

இங்கேதான் இதயக் குழாயின் ஆதரவாளர்கள் எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1996ல் அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் 5,735 தீவிர நோயாளிகளை ஆராய்ந்து, குழாய் போட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்றது ஓர் ஆய்வு. 2005ல் பிரிட்டனின் 65 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த சோதனை, குழாயால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்றது. ஆதரவாளர்கள் சொல்வது: இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் முதியவர்கள், சீழ்த்தொற்று நோயாளிகள், இதயம் தளர்ந்தவர்கள், இளம் கர்ப்பிணிகளுக்கு இந்த முடிவைப் பொருத்தலாமா? கர்ப்பிணிகளிடம் குழாயைச் சீட்டுக் குலுக்கல் முறையில் சோதித்த ஆய்வே இல்லையே, நிரூபிக்கப்படாததைப் பயனற்றது என்று எப்படிச் சொல்லலாம்? வாதம் சரிதான். ஆனால் நிரூபிக்க வேண்டிய கடமை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கழுத்தில் ஊசி குத்தி நுரையீரல் உறையைக் கிழிக்கக்கூடிய, இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடிய, அரிதாகத் தமனியையே உடைக்கக்கூடிய ஒரு கருவிக்கு, பயன் உண்டு என்று காட்டுபவர்தான் சான்று தர வேண்டும். மூச்சுத் திணறலும் இதயநோயும் சேர்ந்து வந்த ஒரு சிலருக்கு அது இன்றும் தேவைப்படலாம். யாரும் அதை மறுக்கவில்லை. எல்லாக் கடுமையான நோயாளிகளுக்கும் என்ற பழைய பரிந்துரைதான் கைவிடப்பட்டது. குழாயைக் கண்டுபிடித்ததும் கர்ப்பிணிகளிடம் பயன்படுத்தியதும் வீண் என்றும் நான் சொல்லவில்லை. சில நூறு பெண்களிடம் அளந்தது லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுவிதியாக மாறியது. அந்த விதி வந்த பிறகு மற்றவர்களிடம் அளக்கத் தேவையில்லாமல் போனது.

பட்டையிலேயே நாம் கவனிக்கத் தவறியது ஒன்றும் இருந்தது. நெடுங்காலம் மருத்துவர்கள் அஞ்சியது கீழ் அளவை, அது 110ஐத் தாண்டுவதை. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் குழுவினர் 2005ல், இந்நோயோடு பக்கவாதம் கண்ட 28 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். பக்கவாதத்துக்கு முன் அழுத்தம் பதிவானவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மேல் அளவு 160ஐ எட்டியிருந்தது. கீழ் அளவு 110ஐ எட்டியவர்கள் மிகச் சிலர். இரு எண்களும் ஒரே தாளில் நூறு ஆண்டுகளாக எழுதப்பட்டு வந்தவைதாம். புதிய கருவி எதுவும் வரவில்லை. பழைய எண்ணைப் படிக்கும் விதம் மாறியது. மேல் அளவு 160 என்றால் உடனே மருந்து என்ற விதி பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் வலுப்பெற்றதும், மூளை ரத்தக்கசிவைத் தடுப்பதே முதல் வேலையானதும் அதன் பிறகுதான்.

அல்ட்ராசவுண்ட் இந்த முடிவை மாற்றுமா என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. 1953ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் ஒலி அலைகளால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்ததில் தொடங்கிய எக்கோ, ஊசியும் குழாயும் இல்லாமலே இதய வெளியீட்டைக் காட்டுகிறது. மெல்பர்னில் அலிசியா டென்னிஸ் குழுவினர் மருந்து பெறாத பெண்களை எக்கோவில் பார்த்தபோது, இதயம் குறைவாகத் தள்ளவில்லை, ஆனால் தளர்ந்து நிரம்புவதில் சிரமப்படுகிறது என்றார்கள். பழைய ராட்டர்டாம் முடிவுக்கு இது மாறுபடுகிறது. ஒரே பெயரில் இரண்டு விதமான நோய் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து பொருந்தலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. மூச்சிரைப்போடு வந்த பெண்ணுக்கு எக்கோ பார்ப்பது இன்றே நல்ல சிகிச்சை. ஆனால் எக்கோ பார்த்து மருந்தைத் தேர்ந்தால் கூடுதல் தாய்மார் பிழைக்கிறார்கள் என்று சோதனைகள் காட்டும்வரை, 160ஐத் தொட்டவளுக்கு எக்கோவுக்காகக் காத்திருந்து மருந்தைத் தாமதிப்பது தவறு.

பட்டையும் குற்றமற்றது அல்ல. புஜத்துக்குச் சிறியதாக இருந்தால் கூட்டிக் காட்டும். பல தானியங்கி பிரஷர் மெஷின்கள் இந்த நோயில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகின்றன; மற்றவர்களிடம் சரியாகக் காட்டும் மெஷின் இவர்களிடம் தவறுவதால், கர்ப்பிணிகளிடம் தனியே சோதித்துச் சான்று பெற்ற மெஷினையே வாங்க வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆண்ட்ரூ ஷெனன் குழுவினர், ஏழை நாடுகளுக்கென்று சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளோடு அப்படியொரு மலிவான மெஷினை உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஹைதியிலும் அதைப் பரவலாகக் கொடுத்துச் சோதித்தபோது, தாய்மார்களின் இறப்பும் பெரும் சிக்கல்களும் அதனால் மட்டும் குறைந்ததாகத் தெளிவாக நிறுவ முடியவில்லை. எளிய கருவியே போதும் என்ற என் வாதத்துக்கு இது எதிரான சான்று, மறைக்க விரும்பவில்லை. நான் இதை இப்படிப் படிக்கிறேன்: பாலண்டைனின் கட்டிலும் 1929ன் அட்டவணையும் மக்னீசிய ஊசியும் இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் அறுவை அரங்கும் இல்லாத இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து பயனில்லை. எரிந்த விளக்குக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். இதயக் குழாய்க்கு ஒரு காலத்தில் செலவிட்ட கவனத்தில் பாதியையாவது, கிராமத்திலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுக்கும் இரவுப் பணியில் போதிய செவிலியர் இருப்பதற்கும் செலவிட வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணியோ பச்சை உடம்புக்காரியோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோய் குழந்தை பிறந்த அன்றோடு முடிவதில்லை. நுரையீரலில் நீர் கோப்பதும் பக்கவாதமும் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களிலும் வருகின்றன. கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவருக்குப் பிரசவமான மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும், பத்து நாட்களுக்குள் மறுமுறையும் கட்டாயம் பிரஷர் பாருங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகிய எதையும் பிரசவக் களைப்பு என்று தள்ளாதீர்கள். மேல் அளவு 160 வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.